முதலில் ஓர் அறை: நாயையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து பழைய வீட்டைத் திருத்த நினைப்பவர்களுக்கு

போன கிழமை ரொறன்ரோவில் இருந்து தம்பி எடுத்துக் கதைத்தான். "அக்கா, அடுத்த வருசம் வாறன். பூனையையும் கொண்டு வாறன். எங்கட பழைய வீட்டில உங்கட பக்கத்தைத் திருத்தின மாதிரி என்ர பக்கத்தையும் உள்ள இருந்துகொண்டே திருத்துவம்" என்றான். "உள்ள இருந்துகொண்டே" என்று அவன் சொன்னதும் எனக்கு நெஞ்சு பதறியது. நான் செய்ததும் அதுதான். அவனுக்கு இரண்டு மணித்தியாலம் தொலைபேசியில் சொன்னதை, இதே யோசனையோடு இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

1990இல் ஊரை விட்டுப் போனேன். லண்டனில் முப்பத்து மூன்று வருசம் இருந்தேன். 2023 ஆடி மாதம், ஒன்பது வயதான லாப்ரடோர் நாய் கறுப்பியோடு திரும்பி வந்தேன். வீடு டச் பே கடற்கரைக்குப் பக்கத்தில், அம்மப்பா கட்டியது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், மேலே பழைய ஓடு, பின்பக்கம் பிறகு சேர்த்த குசினிக்கு அஸ்பெஸ்டஸ் சீற். பிறந்த ஊர்தான். ஆனால் கடவுச்சீட்டு பிரித்தானியாவினுடையது, நாய்க்கு இந்த மண்ணே தெரியாது, வீட்டுக்குள் இருபது வருசமாக ஒருவரும் படுக்கவில்லை. ஆக, வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர் செய்கிற எல்லா ஆயத்தமும் நானும் செய்திருக்க வேண்டும். பாதியைத்தான் செய்தேன்.

காணி விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இங்கே சாதாரணமாகக் காணி வாங்க முடியாது. பெற்றோரிடம் இருந்து நன்கொடையாகவோ மரண சாதனத்தாலோ வாரிசு முறையிலோ நெருங்கிய உறவினருக்கு வருவதற்கு விலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கும் அந்தத் தடை இல்லை. உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒரு நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுவித்துவிட்டுத்தான் ஒரு மூட்டை சீமெந்தாவது இறக்க வேண்டும். கடலோரத்தில் வீடு இருந்தால் இன்னொன்று. உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றர் உள்நோக்கி வருகிற நிலம் கரையோர வலயம். அதற்குள் புதிதாக ஓர் அறை எழுப்புவதானாலும் கரையோரம் பேணும் திணைக்களத்தில் கேட்க வேண்டும். உள்ளூராட்சி சபையின் அனுமதி அதற்கு மேலதிகம். திருகோணமலை நகரத்துக்கான ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்துக்கு எந்த அலுவலுக்குப் போனாலும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைக் கையில் கொண்டு போங்கள். ஒரு நடை மிச்சம்.

இனி நாயும் வீடும். இரண்டையும் சேர்த்து யோசியுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தில்தான் கொட்டும். ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் ஊற்றி, தையில் ஓயும். சூறாவளியும் அந்த மாதங்களில்தான் வரும். 1964 மார்கழியில் வந்தது பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது, 2020 மார்கழி (டிசம்பர்) 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்குச் சற்று வடக்கே கரையேறியது. வைகாசியில் இருந்து ஆவணி வரை கச்சான் காற்று. மேற்கில் இருந்து உலர்ந்து, சூடாக, புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஆகவே கூரையைத் திறக்கிற வேலை மாசியில் தொடங்கி புரட்டாதிக்குள் முடிய வேண்டும். குளிர் நாட்டில் வளர்ந்த ஒரு மிருகம் இங்கே வந்து இறங்க நல்ல காலம் தை கடைசி, மாசி. வெயில் இன்னும் ஏறாது, மழையும் விட்டிருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருசம் மாசியில் வீட்டு வேலையைத் தொடங்குங்கள். அடுத்த வருசம் தையில் நாயைக் கொண்டு வாருங்கள். காத்திருக்க முடிந்தவர்களுக்கு என்னுடைய முதல் அறிவுரை இதுதான்.

எனக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. ஒன்பது வயது லாப்ரடோருக்கு ஒரு வருசம் என்பது பெரிய காலம். அவளை மகளிடம் விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. உங்களுக்கும் அப்படியென்றால், குறைந்தது ஒரே ஓர் அறையை முழுதாக முடித்துவிட்டு மிருகத்தை ஏற்றுங்கள். முழுதாக என்றால் கூரை, தட்டு, வயரிங், மின்விசிறி, ஜன்னல் வலை, தரை, பூட்டுகிற கதவு எல்லாம். மேசன் வேலை நடக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், காற்று வருகிற திசையைப் பார்த்து அந்த அறையைத் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அது கிழக்குப் பக்க அறை. கச்சான் மேற்கில் இருந்து அடிக்கும்போது புழுதி முழுக்க அந்த அறை வழியாகத்தான் வெளியே போகும் என்பது எனக்கு முதலே தோன்றவில்லை. பிறகு தென்கிழக்கு மூலையில் இருந்த அம்மாவின் சாமான் அறையைத் துப்புரவாக்கி, இரண்டு கதவுக்குள் அவளை மாற்றினேன். இடையில் ஒரு நடை வைத்து இரண்டு கதவு இருந்தால் புழுதி பாதியாகக் குறைகிறது. சத்தமும் குறைகிறது.

விமானத்துக்கு முந்திய வேலைகள். கால்நடை உற்பத்தி மற்றும் சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரம் கையில் வராமல் ரிக்கற் எடுக்காதீர்கள். தலைமையகம் பேராதனையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதியிருக்கும். நீங்கள் இருக்கிற நாட்டின் அதிகாரம் பெற்ற மிருக வைத்தியர் தருகிற சுகாதாரச் சான்றிதழ் அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுப் பார்த்தேன். மைக்ரோசிப்பின் பதினைந்து இலக்கமும் எல்லாக் கடதாசியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இலக்கம் பிழைத்தாலும் அது வேறு நாய்.

பிரித்தானியாவில் நாய்க்கு விசர்த்தடுப்பூசி வழமையாகப் போடுவதில்லை. ஆகவே பயணத்துக்கென்று போட வேண்டியிருக்கும். போட்டு முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்தில் பார்ப்பித்து வையுங்கள். இது திரும்பிப் போக நேர்ந்தால் உதவும். இலங்கை பிரித்தானியாவின் பட்டியலில் இல்லாத நாடு. இங்கிருந்து போகிற நாய்க்கு அந்தப் பரிசோதனை தேவை, இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் கழிய வேண்டும். புறப்பட முன்னமே செய்து வைத்து, தடுப்பூசியை ஒருநாளும் தவற விடாமல் போட்டு வந்தால் அந்த முடிவு செல்லுபடியாகும். வயதான தாய் தகப்பனைப் பார்க்க வந்து, பிள்ளைக்கு வருத்தம் என்று அவசரமாகத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மூன்று மாதம் என்பது தாங்க முடியாத கணக்கு.

கூட்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், உடம்பை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமல் வெளியில் இருந்தே நிரப்பக்கூடியதாகப் பூட்டுங்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னரே கூட்டை வரவேற்பறையில் வைத்து, சாப்பாட்டை அதற்குள்ளேயே வைத்தேன். மூன்றாம் கிழமை அவளாகவே போய்ப் படுத்துக்கொண்டாள். தூக்க மருந்து கொடுக்காதீர்கள். மேலே பறக்கும்போது மூச்சும் இரத்த அழுத்தமும் விழுந்துவிடலாம், பக்கத்தில் பார்க்க ஆள் இல்லை. பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும் பாரசீகப் பூனைகளையும் பல விமானங்கள் ஏற்றுவதில்லை, அதை முதலே கேளுங்கள். கட்டுநாயக்காவில் விடியப்புறம் இறங்குகிற விமானம் நல்லது. நாங்கள் கடதாசி அலுவல் முடித்து வெளியே வர மத்தியானமாகிவிட்டது. அங்கிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாத ஓட்டம். ஹபரணைக்கு இந்தப் பக்கம் இருட்டினால் யானை தெருவில் நிற்கும். பின் சீற் மடக்கிய, ஏசி வேலை செய்கிற வானாகப் பிடியுங்கள்.

இனி வேலை நடக்கிற வளவுக்குள் ஒரு மிருகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேற். வேலையாட்கள் விடிய ஏழு மணிக்கு வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மணல் இறக்குகிற லொறிக்காரன் கேற்றைத் திறந்தால் மூட மாட்டான். நாலாம் நாள் கறுப்பி அந்த வழியாகத்தான் போனாள். மூன்று மணித்தியாலம் கழித்து, கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் நாக்கை வெளியே போட்டுக்கொண்டு படுத்திருந்தவளைக் கண்டுபிடித்தது ஐஸ்பழம் விற்கிற ஒரு பெடியன். அன்று பின்னேரமே கேற்றுக்கு ஆறடி உள்ளே, இரும்புக் குழாயும் பின்னல் கம்பியும் வைத்து இன்னொரு கேற் போடுவித்தேன். ஒன்று மூடியிருந்தால்தான் மற்றதைத் திறக்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். மற்ற எல்லாச் செலவையும் பிறகு செய்யலாம், இந்தக் கேற்றை முதல் நாளே போடுங்கள். மைக்ரோசிப்பை வாசிக்கிற கருவி தெருவில் யாரிடமும் இல்லை. கழுத்துப் பட்டியில் உள்ளூர் தொலைபேசி இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பொறித்துப் போடுங்கள்.

வேலையாட்களோடு முதலே மனம் விட்டுக் கதையுங்கள். எனக்கு வந்த மேசன் கிண்ணியாக்காரர். நல்ல கை, பொறுமையான மனிதர். முதல் நாள் கறுப்பி அவரை நக்கப் போக அவர் சட்டென்று விலகினார். பயம் என்று நினைத்துவிட்டேன். தேத்தண்ணி நேரம் அவராகவே சொன்னார்: "அக்கா, நாய்ட எச்சில் பட்டா நாங்க ஏழு தரம் கழுவோணும். அதில ஒரு தரம் மண் போட்டு. தொழுகைக்கு முந்தி அது கரைச்சல். வேற ஒண்டுமில்ல." அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்கிற நேரம் முழுக்க அவள் அறைக்குள். அவர்கள் சாப்பிடவும் தொழவும் முன் விறாந்தையை ஒதுக்கி, அந்தப் பக்கம் அவள் போகாதபடி பலகை அடித்தேன். மறு கிழமையில் இருந்து அவர் கேற்றைத் தானே பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், போயா, கோயில் கொடியேற்றம், தீபாவளி எல்லாவற்றையும் ஒரே கலண்டரில் குறித்து வேலை நாட்களைக் கணக்குப் பாருங்கள். காசை வேலை முடிந்த பங்குக்குப் பங்கு கொடுங்கள்.

புழுதியிலும் மருந்திலும் எனக்குச் சமரசம் இல்லை. பச்சைச் சீமெந்து கடும் காரம், நாயின் உள்ளங்காலை வேகவைத்துவிடும். பிறகு அதை நக்கினால் வாயும் வேகும். கலவை போட்ட தரைக்கு இரண்டு நாள் பலகை மறைப்பு வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைக்கவோ வாளால் அறுக்கவோ விடாதீர்கள். தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்கி, தடித்த பொலித்தீனால் சுற்றிக் கட்ட வேண்டும். அந்த நார் கண்ணுக்குத் தெரியாது, உரோமத்தில் ஒட்டிக்கொண்டு கட்டில் வரை வரும். அன்று மிருகமும் நீங்களும் வேறு வீட்டில் இருங்கள். நான் கறுப்பியை உப்புவெளியில் மச்சாள் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தேன். பழைய ஜன்னல்களின் பெயின்றில் ஈயம் இருக்கும். காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பியுங்கள். கறையான் மருந்து அடித்தால் அது முழுக்கக் காயும் வரை அந்தப் பக்கம் பூட்டு. தம்பிக்குத் தனியாகச் சொன்னது: நாய்க்கு உண்ணி வராமல் தடவுகிற மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனையைக் கொல்லும். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் பெட்டியில் உள்ளதை வாசிக்காமல் தொடாதே.

இறக்கிய ஓட்டையும் கல்லையும் வளவில் அடுக்கி வைத்தால் இரண்டு கிழமையில் பாம்பு குடிவரும். தரையில் இருந்து ஓரடி உயர்த்தி, வீட்டில் இருந்தும் நாய் திரிகிற இடத்தில் இருந்தும் தள்ளி அடுக்குங்கள். புடையன் விலகிப் போகாமல் அசையாமல் கிடக்கும், நாய் மூக்கைக் கொண்டுபோய் நீட்டும். பழைய கிணற்றின் கட்டு தாழ்வாக இருந்தால் கம்பி மூடி போடுங்கள்.

இந்த ஊர்ச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. எங்கள் சாமான் அறைச் சுவர் பொருக்குக் கழன்றிருந்தது. வேறொருவரைப் பிடித்து, அவர் சொன்னபடி சீமெந்தால் பூசுவித்தேன். அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை மழைக்குக் கொப்பளம் கொப்பளமாக ஊதி, வெள்ளையாக உப்புப் பூத்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிற சுவர். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது, ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு பூச்சைத் தள்ளுகிறது. கிண்ணியா மேசனின் மாமனார் எழுபது வயதுக்காரர். அவர் வந்து தட்டிப் பார்த்து, முழுக்கக் கொத்தி எடுக்கச் சொன்னார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். இரண்டு கிழமை மெல்ல மெல்ல நனைத்துக் காயவிட்டார். இப்போது இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது, ஒரு பொருக்கு விழவில்லை. ஈரச் சுவரோடு படுக்கிற நாய்க்கு மூட்டும் தோலும் இரண்டும் கெடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. வந்த லொறியில் ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் திருப்பி அனுப்புங்கள். உப்பு மணலில் போட்ட கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதி, தூண் நெடுக்காக வெடிக்கும்.

கடற்காற்றுக்குச் சாதாரண பிணைச்சலும் ஆணியும் ஒரு வருசம்தான். கேற் பூட்டு, ஜன்னல் வலை, கதவுப் பிணைச்சல் எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள். 304 தரமும் கடலோரத்தில் மண்ணிறப் புள்ளி போடும். தரைக்குப் பளபளப்பான ரைல்ஸ் பதிக்க எல்லோரும் வற்புறுத்தினார்கள். நான் காவி போட்ட சீமெந்துத் தரையை வைத்துக்கொண்டேன். வயதான நாய்க்குப் பளிங்கு மாதிரித் தரையில் பின்னங்கால் விரிந்துபோகும். காவித் தரை வழுக்காது, மத்தியானத்திலும் வயிற்றுக்குக் குளிர்ச்சி.

மின்சாரம் இங்கே 230 வோல்ட். பிரித்தானியச் சாமான்கள் அப்படியே வேலை செய்யும், தட்டையான மூன்று முனைப் பிளக்கும் பொருந்தும். பழைய வீடுகளில் உருண்டை முனைப் பிளக்கு இருக்கும், வயரிங்கோடு சேர்த்து மாற்றுங்கள். கனடாவின் 120 வோல்ட் மிக்ஸியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மின்கசிவு வந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடாமல் நாயின் அறைக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

வெளியே கொண்டுபோவது கடைசி. எங்கள் ஊரில் புள்ளிமான் தெருவில் நடக்கும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டுமில்லை, பேருந்து நிலையப் பக்கமும் கடற்கரையிலும் மேயும். லண்டனில் அணிலைத் துரத்தின நாய்க்கு மானைக் கண்டால் கை தாங்காது. கோட்டைப் பக்கம் முதல் ஆறு மாதம் போகவே வேண்டாம், பிறகும் கட்டையான வார்தான். நடை விடிய ஆறு மணிக்கு முந்தி, அல்லது இருட்டின பிறகு. புறங்கையைத் தாரில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் காலும் வைக்க முடியாது. கட்டாக்காலி நாய்கள் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு கூட்டம். ஒரே வழியில், ஒரே நேரத்தில் போனால் இரண்டு மாதத்தில் அவை குரைக்காமல் விடுகின்றன.

கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் வேண்டாத மீனை மணலில் எறிந்துவிடுவார்கள். அதில் பேத்தை இருக்கும், பலூன் மாதிரி ஊதிக் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்தே இல்லை. காய்ந்ததிலும் நஞ்சு போகாது. வலை இழுக்கிற நாட்களில் நாய்க்கு வாய்க்கூடு போடுங்கள், அல்லது அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள். தூண்டில் முள்ளும் அப்படித்தான்.

மூன்றாம் கிழமை கறுப்பி சாப்பாட்டை விட்டாள். வெயில் என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். உதட்டைத் தூக்கி முரசை (பல்லீறை) பார்த்தால் வெள்ளை. உண்ணிக் காய்ச்சல். இரத்தம் பார்த்து, டொக்சிசைக்கிளின் நாலு கிழமை கொடுத்துத்தான் தப்பினாள். உண்ணித் தடுப்பு மருந்தைப் பறக்க முன்னரே தொடங்குங்கள். இங்கே வந்ததும் காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டிக்கு அடியில் ஒவ்வொரு இரவும் விரலால் தடவிப் பாருங்கள். கட்டட வேலை நடக்கிற வளவில் கல்லிடுக்கெல்லாம் உண்ணி ஏறும். பசி இல்லை, முரசு வெளிறுகிறது, மூக்கில் இரத்தம், இதில் ஒன்று கண்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள்.

கோயில் வெடியும் புதுவருச வெடியும் வரும் நாட்களை முதலே கேட்டு வைத்து, அந்த முடித்த அறையில் மின்விசிறியைக் கூட்டி, வானொலியைப் போட்டு, நீங்களும் உள்ளே இருங்கள். அவளுக்குப் பதினோரு வயது தாண்டிவிட்டது. இப்போதும் வெடிச் சத்தம் கேட்டால் தானாகவே எழும்பி அந்தச் சாமான் அறைக்குத்தான் போகிறாள். வீட்டில் மற்ற அறைகள் எல்லாம் முடிந்து ஒரு வருசமாகிறது.

விசர்த்தடுப்பூசி இங்கே வருசா வருசம் போட வேண்டும். அந்தத் திகதியைத் தம்பியின் பூனைக்கும் சேர்த்து, குசினிக் கலண்டரில் சிவப்பு மையால் எழுதிவிட்டேன்.